முறை

ஜோன்-தலோன் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே,
இரண்டாம் மாடியில் ஒரு நொத்தாரிசு.
பங்குனிப் பனி சேறாகி, படியெல்லாம் உப்பு.
மணிக்கு நாற்பத்தைந்து டொலருக்கு
இரண்டு மொழிக்கும் நடுவில் கதிரை போட்டு இருந்தேன்.

இடப்பக்கம் பிரதீபன், செத்தவரின் மகன்.
வலப்பக்கம் நிரோஜினி, செத்தவரின் மகள்.
ஒரே மூக்கு.
யோசிக்கும்போது காதுமடலைத் தடவுகிற
ஒரே பழக்கம்.
தாய்மார் வேறு.
அவள் அவனுக்கு மூன்று மாதம் மூத்தவள்.
அந்த மூன்று மாதத்தைப் பற்றி
மொன்றியலில் யாரும் பேசியதில்லை.

பிரதீபன் சொன்னான்:
"அவ முறையான பிள்ளை இல்லை."

நாலே சொல். இரண்டாவதில் எனக்குக் கால் இடறியது.

பிரெஞ்சில் ஒன்று இருக்கிறது, லெஜிதீம்.
ஆங்கிலத்தில் அதன் ஒன்றுவிட்ட சகோதரம்.
ஆட்சி கவிழ்ந்த இரவில்
செய்தி வாசிப்பவர் அதைக் கழுத்துப்பட்டி போல
இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்.
என் மகனோ கொத்துரொட்டி ஒரு வாய் போட்டு
"லெஜிட்" என்பான்.
கலப்படமில்லை, நம்பிச் சாப்பிடலாம் என்று பொருள்.
பிள்ளைக்கும் அதே சொல்லா?

எங்கள் முறை வேறு வகை.
அடுக்குமாடியில் துணி தோய்க்கிற மெஷினுக்கு
கிழமைக்கு ஒரு முறை எங்கள் முறை.
பொலிசில் போய்ச் சொன்னால் முறைப்பாடு.
வாய் திறக்காமல் கண்ணால் சொன்னால் முறைப்பு.
கலியாண மண்டபத்தில் முகம் தெரியாத ஒருவர்
கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்:
"நீர் எனக்கு என்ன முறை வேணும்?"
ஏதோ ஒரு முறை வந்துவிடும். வராமல் போனதில்லை.

மொழிபெயர்த்தேன்.
கூட்டாமல், குறைக்காமல், சத்தியம் செய்து கொடுத்தபடி.

மதாம் கான்யோன் கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தச் சொல்லை எங்கள் சட்டம் எடுத்துவிட்டது.
நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.
தாய்க்குத் தாலி ஏறியதா என்று நான் கேட்கமாட்டேன்.
இவர் யாருடைய பிள்ளை? அது போதும்."
திருமணம் என்றுதான் அவர் சொன்னார்.
தாலி என் வாயில் வந்தது.
பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நிரோஜினியின் மடியில் ஒரு பொலித்தீன் பை.
தகப்பன் ஒப்பமிட்ட பிறப்புப் பத்திரம்.
நீல ஏரோகிராம்கள், காசு அனுப்பிய துண்டுகள்,
கோயிலில் யாரோ எடுத்த படம்,
அதில் மாலையோடு தாய் மட்டும் நிற்கிறாள்,
பக்கத்தில் நின்றவரின் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.
நொத்தாரிசு பிறப்புப் பத்திரத்தை எடுத்தார்.
மற்றதையெல்லாம் மெதுவாகத் திருப்பித் தள்ளினார்.
தேவையில்லை.

முப்பத்தெட்டு வருடம் ஒரு கேள்விக்குப்
பதில் சேர்த்தவளிடம்
கேள்வியே இல்லை என்றால்
அவள் எங்கே போவாள்?
அவள் அழவில்லை.
அந்த முழங்கையைத் துடைத்தாள்.
கடிதங்களைத் தேதி பார்த்து அடுக்கினாள்,
பிறகு குலைத்தாள், திரும்ப அடுக்கினாள்.

கடைசித் தாள்.
மற்ற வாரிசு உங்களுக்கு என்ன உறவு?
பிரதீபனிடம் நான் தமிழில் கேட்டேன்:
"அவ உங்களுக்கு என்ன முறை?"
ஹீட்டர் இரண்டு தரம் இருமியது.
காதுமடலைத் தடவினான்.

"அக்கா முறை."

தமிழில் அது ஒரு கெட்டித்தனம்.
அக்கா என்றும் ஆகும்,
அக்கா மாதிரி என்றும் ஆகும்.
பெரியம்மாவின் மகளையும், பக்கத்து வீட்டுக்காரியையும்
அந்தக் கதவால் உள்ளே விடலாம்.
பாதி விடலாம், மீதியை வெளியில் நிறுத்தலாம்.
பிரெஞ்சில் பாதிச் சகோதரிக்கென்றே
தனியாக ஒரு சொல் உண்டு.
அது என் நாக்கில் வந்து நின்றது.
விழுங்கிவிட்டு,
"சேர்" என்றேன். சகோதரி. அவ்வளவுதான்.
மதாம் கான்யோன் எழுதிக்கொண்டார்.
கூட்டினேனா, குறைத்தேனா,
இன்றுவரை தெரியாது.
பில்லில் இரண்டே கால் மணித்தியாலம் என்று போட்டேன்.

இறங்கும்போது படியில் உப்புக் கரைந்திருந்தது.
அவளுக்குக் கால் வழுக்கப் பார்த்தது.
"கவனம்" என்றான் அவன், திரும்பிப் பாராமல்.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் என்னிடம் கேட்கவில்லை.